18 புள்ளி போதுமாக இருந்தது: டென்வர் பிராங்கோஸின் 2022 சீசன்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 2022ஆம் ஆண்டு சீசனில் டென்வர் பிராங்கோஸ் ஆடிய முதல் 12 ஆட்டங்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூடுதல் நேரத்துக்குப் போகாமல், வழக்கமான நேரத்துக்குள் ஒவ்வொரு ஆட்டத்திலும் 18 புள்ளி எடுத்திருந்தால் அந்த அணி 12இல் 10 ஆட்டங்களை வென்றிருக்கும். லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிடம் ஒரு முறை, கரோலினா பேந்தர்ஸிடம் ஒரு முறை, அவ்வளவுதான் தோல்வி. அமெரிக்கக் கால்பந்தில் 18 என்பது பெரிய எண் இல்லை. அந்த ஆண்டு லீக்கின் சராசரியே ஏறக்குறைய 22.

உண்மையில் அந்த 12 ஆட்டங்களில் கிடைத்தது 3 வெற்றி, 9 தோல்வி. 17 ஆட்டங்களும் முடிந்தபோது 5 வெற்றி, 12 தோல்வி. மொத்தம் எடுத்த புள்ளி 287, ஆட்டத்துக்கு 16.9. 32 அணிகளில் கடைசி இடம்.

மோசமான அணிகள் எல்லா ஆண்டும் உண்டு. ஆனால் பிராங்கோஸ் அந்த ஆண்டு மோசமாக இருக்க வேண்டிய அணி இல்லை. லீக்கின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரை வாங்கியிருந்தார்கள். புதிய தலைமைப் பயிற்சியாளர், புதிய உரிமையாளர்கள், நல்ல தடுப்பு அணி என்று எல்லாம் இருந்தன. அதனால்தான் இந்தச் சீசனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுகிறார்கள். பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: அந்த நட்சத்திரம் ரஸ்ஸல் வில்சனின் காலம் முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் நத்தானியேல் ஹேக்கெட்டுக்குப் பயிற்சியாளர் வேலை தெரியவில்லை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தச் சீசன் மைதானத்தில் தோற்பதற்கு முன்பே, ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் எடுத்த முடிவுகளில் தோற்றுவிட்டது என்பது என் எண்ணம். முடிவுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். அவை எடுக்கப்பட்ட வரிசைக்குத்தான் நியாயம் சொல்ல முடியாது.

மேனிங் விட்டுப்போன இடம்

பிராங்கோஸின் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள 2016க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர்கள் கரோலினாவை 24-10 என்று வீழ்த்தி, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் 50ஆவது கோப்பையை வென்றார்கள். அடுத்த மாதமே குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் ஓய்வு பெற்றார். தாக்குதல் அணியில் ஒவ்வொரு ஆட்டத்துண்டையும் தொடங்குபவர், பந்தை யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அந்த இடம் காலியான அணி தடுமாறுவது இயல்பு. ஆனால் டென்வரில் தடுமாற்றம் ஆறு ஆண்டு நீடித்தது. ட்ரெவர் சீமியன், பாக்ஸ்டன் லிஞ்ச், கேஸ் கீனம், ஜோ ஃபிளாக்கோ, ட்ரூ லாக், டெடி பிரிட்ஜ்வாட்டர் என்று வந்தார்கள், போனார்கள். 2020 நவம்பரில் கோவிட் விதிகளால் குவார்ட்டர்பேக்குகள் எல்லோரும் ஒரே சமயத்தில் விலக்கப்பட்டபோது, கெண்டல் ஹிண்டன் என்ற, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரை அந்த இடத்தில் ஆட வைத்தார்கள். 9 எறிதலில் ஒன்றே ஒன்றுதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. இதற்கிடையில் இதே பிரிவில் இருக்கும் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், பேட்ரிக் மஹோம்ஸை வைத்துக்கொண்டு வென்றுகொண்டே இருந்தது.

எனவே, மேனிங் 2012இல் வந்ததுபோல் இன்னொரு பெரிய குவார்ட்டர்பேக் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. அந்த நம்பிக்கையில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. ஒன்று, மேனிங் ஒப்பந்தம் ஏதும் இல்லாத வீரராக வந்தவர். அவருக்காக டென்வர் எந்த வீரரையும், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் எந்த டிராஃப்ட் உரிமையையும் இழக்கவில்லை. அவரை வரவேற்ற தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ், அதற்கு முன்பே வேறொரு அணியைச் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனவர். இரண்டு, கோப்பை வந்த 2015 சீசனில் மேனிங் எறிந்தது 9 டச்டவுன் (பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் சேர்வது), எதிரணியிடம் கொடுத்தது 17 பந்து. கோப்பையை வென்று கொடுத்தது வான் மில்லரும் தடுப்பு அணியும்தான்.

வரிசை

2022 ஜனவரியில் விக் ஃபேஞ்சியோவை நீக்கிவிட்டு நத்தானியேல் ஹேக்கெட்டைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். கிரீன் பே பாக்கர்ஸில் அவர் தாக்குதல் அணியின் ஒருங்கிணைப்பாளர். ஆரன் ராஜர்ஸுக்கு நெருக்கமானவர். ஆனால் அங்கே ஆட்டத்தின் போது எந்தத் திட்டத்தை ஆடுவது என்று சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் மேட் லாஃப்ளூர். ஹேக்கெட் அந்த வேலையை முன்பு பஃபலோவிலும் ஜாக்சன்வில்லிலும் செய்திருக்கிறார். தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

அதில் தவறில்லை. எல்லோரும் ஒருநாள் முதல்முறையாகத்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அவருக்குக் கீழே வந்த மூன்று ஒருங்கிணைப்பாளர்களும் அந்தப் பொறுப்புக்கு முதல்முறை வருபவர்கள்: தாக்குதலுக்கு ஜஸ்டின் அவுட்டன், தடுப்புக்கு எஜீரோ எவெரோ, உதை ஆட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் சிறப்பு அணிக்கு டுவேன் ஸ்டூக்ஸ். நால்வரும் புதியவர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை நெருக்கடி வரும்போது ‘இதை நான் முன்பு பார்த்திருக்கிறேன்’ என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை. அணியைக் கட்டிய பொதுமேலாளர் ஜார்ஜ் பேட்டனிடம் என் முதல் குறை இதுதான்.

மார்ச் 8ஆம் தேதி ஆரன் ராஜர்ஸ் கிரீன் பேயிலேயே தொடர்கிறார் என்று தெரிந்தது. அதே நாளில் ரஸ்ஸல் வில்சன் டென்வருக்கு வருகிறார் என்ற செய்தியும் வந்தது. விலை: இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், ஒரு ஐந்தாம் சுற்று உரிமை, கூடவே ட்ரூ லாக், நோவா ஃபேன்ட், ஷெல்பி ஹாரிஸ் என்ற மூன்று வீரர்கள். பதிலுக்கு சியாட்டில் சீஹாக்ஸிடமிருந்து வில்சனும் ஒரு நான்காம் சுற்று உரிமையும் வந்தன. கல்லூரியிலிருந்து வரும் இளம் வீரர்களைக் குறைந்த சம்பளத்தில் எடுக்கும் முக்கிய வழி டிராஃப்ட்தான். சம்பள உச்சவரம்பு இருக்கும் லீக்கில் இந்த உரிமைகள் பணத்தைவிட மதிப்பானவை.

வில்சனுக்கு அப்போது வயது 33. சியாட்டிலில் பத்து சீசன், லீக்கின் நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்கு ஒன்பது முறை தேர்வு. 2014 பிப்ரவரியில் மேனிங்கின் டென்வரை 43-8 என்று நொறுக்கிக் கோப்பை வென்றவரும் இவரே. 2021இல் விரல் காயத்தோடு அவருக்குச் சுமாரான ஆண்டு. ஆனாலும் அவர் இறங்குமுகத்தில் இருக்கிறார் என்று உறுதியாகச் சொல்ல அன்று யாராலும் முடிந்திருக்காது. வர்த்தகத்தை மட்டும் வைத்து ஜார்ஜ் பேட்டனைத் திட்டுவது பின்னால் வந்த அறிவு.

திட்ட வேண்டியது செப்டம்பர் 1ஆம் தேதிக்காக. அன்று வில்சனுக்கு ஐந்தாண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். சுமார் 24.5 கோடி டாலர், அதில் 16.5 கோடி உத்தரவாதம். அவருடைய பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் மீதி இருந்தது! 2022இலும் 2023இலும் அவர் ஆடுவதைப் பார்த்துவிட்டே முடிவெடுத்திருக்கலாம். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. டென்வர் சட்டையில் ஒரு பந்து எறியாத மனிதருக்கு அந்தக் கையெழுத்து.

ஏன் அவசரம்? அந்த மார்ச்சில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், டெஷான் வாட்சனுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு கொடுத்துச் சந்தையின் விலையை ஏற்றியிருந்தது. காத்திருந்தால் விலை இன்னும் ஏறும் என்ற பயம் இருந்திருக்கும். அணியும் அப்போதுதான் கைமாறியிருந்தது. வால்மார்ட் குடும்பத்தின் ராப் வால்டன், மகள் கேரி வால்டன் பென்னர், மருமகன் கிரெக் பென்னர் தலைமையிலான குழு 465 கோடி டாலருக்கு வாங்கியதை லீக் ஆகஸ்ட் 9 அன்றுதான் அங்கீகரித்தது. மூன்று வாரத்தில் இந்தக் கையெழுத்து. புதிய உரிமையாளர்களிடம் பணம் கொட்டிக் கிடந்தது. ‘பொறுங்கள்’ என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர் பொதுமேலாளர்.

அந்தக் கையெழுத்து மைதானத்திலும் வேலை செய்தது. இனி இந்த அணியில் மாற்ற முடியாதவர் ஒருவர், மாற்றக்கூடியவர்கள் மற்றவர்கள் எல்லோரும். வில்சனுக்கு அணி வளாகத்தில் தனி அலுவலகம் இருந்தது, அவருடைய சொந்தப் பயிற்சியாளரும் உள்ளே வந்துபோனார். முதல்முறைத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் இப்படிப்பட்டவரிடம் ‘நீ பந்தை அதிக நேரம் கையில் வைத்திருக்கிறாய்’ என்று எப்படிக் கண்டிப்பாகச் சொல்வார்?

சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் அதுதான். ஹேக்கெட் வளர்ந்த முறையில் குவார்ட்டர்பேக் காலடிகளை எண்ணி, குறித்த நொடியில், குறித்த இடத்துக்குப் பந்தை விட வேண்டும். வில்சனின் பத்தாண்டுப் புகழ் அதற்கு நேர் எதிர். திட்டம் உடைந்தபின் ஓடித் தப்பி, தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு உயரமாக வளைத்து எறிவார். கால் வேகம் குறைந்த வயதில் அந்த ஓட்டம் ஓட்டமாக முடியவில்லை. அந்தச் சீசனில் 15 ஆட்டங்களில் 55 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். லீக்கில் அதைவிட அதிகமாக யாரும் வீழ்த்தப்படவில்லை. டச்டவுன் எறிதல் 16, அதுவரையிலான அவர் வாழ்க்கையில் மிகக் குறைவு. யாருடைய முறையை ஆடுவது என்ற கேள்விக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

சியாட்டிலில் ஒரு நிமிடம்

முதல் ஆட்டமே செப்டம்பர் 12, திங்கள் இரவு, சியாட்டிலில். வில்சனைப் பழைய ரசிகர்கள் எதிர்ப்புக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். அவர் அன்று 340 யார்டு எறிந்தார், நன்றாகவே ஆடினார். ஆனால் மூன்றாம் குவார்ட்டரில் மெல்வின் கார்டனும் ஜவான்டே வில்லியம்ஸும் கோல் கோட்டுக்கு ஓர் எட்டு தூரத்தில் ஆளுக்கொரு முறை பந்தைத் தவறவிட்டார்கள். 12 தண்டனைகள் வேறு.

ஆட்டம் 17-16. சியாட்டில் முன்னிலை. ஏறக்குறைய ஒரு நிமிடம் மீதி, கையில் மூன்று டைம்-அவுட். நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் 5 யார்டு வேண்டும். பந்து சியாட்டிலின் 46ஆவது யார்டு கோட்டில். அந்த 5 யார்டு கிடைத்தால் இன்னும் நெருங்கலாம். இந்தத் தருணத்துக்காகத்தானே வில்சனை வாங்கினார்கள்? ஹேக்கெட் டைம்-அவுட் கேட்கவில்லை. கடிகாரம் 20 நொடி வரை ஓடியது. பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோலுக்கு, 64 யார்டு தூரத்திலிருந்து, பிராண்டன் மெக்மேனஸை அனுப்பினார். லீக் வரலாற்றில் அதுவரை சரியாக உதைத்த மிக நீண்ட தூரமே 66 யார்டுதான். பந்து இடப்பக்கம் விலகிப் போனது.

மறுநாள் ஹேக்கெட், நான்காவது முயற்சியை ஆடியிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். நேர்மையான பதில். ஆனால் வீரர்கள் அந்த இரவே பார்த்துவிட்டார்கள்: கடிகாரம் ஓடும்போது எங்கள் பயிற்சியாளர் உறைந்துவிடுகிறார்.

அடுத்த வாரம் ஹூஸ்டனுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 16-9 என்று வென்றார்கள். அந்த வெற்றி தோல்வியைவிட அவமானமாக இருந்தது. திட்டத்தைச் சொல்லித் தொடங்குவதற்குள் நேரம் தீர்ந்து தண்டனை வாங்கிக்கொண்டே இருந்ததால், ரசிகர்களே கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ண ஆரம்பித்தார்கள். தங்கள் அணி நேரத்தை மறக்கக் கூடாதே என்று மக்கள் எண்ணிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்த ஜெரி ராஸ்பர்க்கை அந்த வாரமே அழைத்து, ஆட்டநேர முடிவுகளுக்கு உதவ வைத்தார்கள். பால்டிமோரில் பல ஆண்டு சிறப்பு அணிப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். ஜனவரியில் அறையில் இருந்திருக்க வேண்டிய மூத்தவர், இரண்டு ஆட்டம் முடிந்தபின் வந்தார்.

தடுப்பு அணி தாங்கியது

முதல் 12 ஆட்டங்களில் டென்வர் விட்டுக்கொடுத்தது 204 புள்ளி. ஆட்டத்துக்குச் சரியாக 17. லீக்கின் முன்வரிசைத் தடுப்பு அணிகளின் தரம் அது. நான்கு புதியவர்களில் எவெரோ ஒருவர் மட்டும் தன் பொறுப்பில் ஜெயித்தார். பேட்ரிக் சர்டெய்ன் அந்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோவில் முதல் தேர்வு. ஜஸ்டின் சிம்மன்ஸ் எதிரணியிடமிருந்து 6 பந்துகளைப் பறித்து லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அவர்களுக்குக் கிடைத்த பலனைப் பாருங்கள். அக்டோபர் 6, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். தடுப்பு அணி கூடுதல் நேரத்திலும் சேர்த்து ஒரு டச்டவுன்கூட விடவில்லை. தோல்வி, 12-9. இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் மீதியிருக்க, 9-6 என்ற முன்னிலையில், எளிய ஃபீல்ட் கோல் தூரத்தில் நின்றுகொண்டு வில்சன் கோல் பகுதிக்குள் எறிந்த பந்தை ஸ்டீஃபன் கில்மோர் பறித்தார். கூடுதல் நேரத்தின் கடைசியில் ஒரு யார்டு வேண்டியிருந்தபோது மறுபடி எறிந்தார், மறுபடி கில்மோர் தட்டிவிட்டார். ரிசீவர் கே.ஜே. ஹேம்லர் அந்தச் சமயம் தனியாக நின்றார். கூடுதல் நேரம் தொடங்கும்போதே ரசிகர்களில் நிறையப் பேர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

டிசம்பர் 4, பால்டிமோர். எதிரணியின் நட்சத்திரம் லாமார் ஜாக்சன் முதல் குவார்ட்டரிலேயே காயத்தில் வெளியேறினார். தடுப்பு அணி கடைசி நிமிடம் வரை 3 புள்ளிதான் விட்டிருந்தது. 28 நொடி மீதியிருக்க மாற்று வீரர் டைலர் ஹன்ட்லி டச்டவுன் எடுத்தார். தோல்வி, 10-9. அதற்கு முந்தைய வாரம் கரோலினாவில் தடுப்பு வீரர் மைக் பர்செல், வில்சனின் முகத்துக்கு நேரே கத்தியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. உற்சாகப்படுத்தத்தான் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு கத்துவதற்கு உரிமை உள்ளவர்கள் என்று யாராவது இருந்தால் அந்தத் தடுப்பு வீரர்கள்தான்.

12 தோல்விகளில் 9, ஒரே ஒரு டச்டவுன் அளவுக்குள் முடிந்தவை. இதைத் துரதிர்ஷ்டம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். காயங்களும் நிறைய: டிம் பேட்ரிக் பயிற்சி முகாமிலேயே, ஜவான்டே வில்லியம்ஸ் நான்காவது ஆட்டத்தில், இடப்பக்கத் தாக்குதல் தூண் கேரட் போல்ஸ் ஐந்தாவதில் என்று சீசன் முழுக்க இழந்தார்கள். இது பெரிய இழப்பு, மறுக்கவில்லை. ஆனால் கடிகாரம், தண்டனைகள், கோல் அருகே குழப்பம் ஆகியவை காயத்துக்கு முன்பே இருந்தன.

நடுவில் லண்டன் வெம்ப்ளியில் ஜாக்சன்வில்லை 21-17 என்று வென்றார்கள். அங்கே போகும் விமானத்தில் மற்றவர்கள் தூங்கும்போது தான் நான்கு மணி நேரம் நடைபாதையில் உடற்பயிற்சி செய்ததாக வில்சனே சொன்னார். அவரது உழைப்பை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் அந்த உழைப்பும் அணியும் தனித்தனியாக இருந்தன. அந்த வெற்றிக்கு இரண்டு நாள் கழித்து, எட்டு ஆட்டத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதில் அணியின் சிறந்த தடுப்பு வீரராக இருந்த பிராட்லி சப்பை மயாமிக்கு விற்று ஒரு முதல் சுற்று உரிமை வாங்கினார்கள். தான் கொடுத்துவிட்ட டிராஃப்ட் உரிமையை அணி தன் தடுப்பு அணியிலிருந்து எடுத்துக்கொண்டது.

நவம்பர் 20 ரெய்டர்ஸ் ஆட்டத்திலிருந்து ஹேக்கெட் திட்டம் சொல்லும் வேலையை உதவிப் பயிற்சியாளர் கிளின்ட் குபியாக்கிடம் விட்டுவிட்டார். அதிலும் கூடுதல் நேரத்தில் 22-16 தோல்வி.

கிறிஸ்துமஸ்

டிசம்பர் 25, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். அதுவும் நொடித்துப்போன அணிதான், 4 வெற்றி, 10 தோல்வி. குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் அந்த மாதம்தான் அங்கே வந்து சேர்ந்தவர். முடிவு 51-14. வில்சன் மூன்று பந்துகளை எதிரணியிடம் கொடுத்தார், ஆறு முறை வீழ்த்தப்பட்டார். மாற்று குவார்ட்டர்பேக் பிரெட் ரிப்பியனும் வில்சனைக் காக்க வேண்டிய டால்டன் ரிஸ்னரும் ஓரத்தில் நின்று மோதிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்து கை குலுக்கும் நேரத்தில் ராண்டி கிரெகரி எதிரணி வீரரோடு அடித்துக்கொண்டார். இத்தனை வாரம் தாங்கிய தடுப்பு அணி அன்று கைவிட்டது.

மறுநாள் ஹேக்கெட் நீக்கப்பட்டார், 15 ஆட்டங்களில். ஸ்டூக்ஸும் உடன் போனார். மீதி இரண்டு ஆட்டத்துக்கு ராஸ்பர்க். கான்சஸ் சிட்டியிடம் 27-24 தோல்வி, அந்த அணியிடம் தொடர்ந்து 15ஆவது. அப்புறம் சார்ஜர்ஸை 31-28 என்று வென்றார்கள்.

கணக்கு

சியாட்டில் அந்த ஆண்டு 9-8 என்று முடித்து ப்ளே-ஆஃபுக்குப் போனது. வில்சனுக்கு மாற்றாக நின்றிருந்த ஜீனோ ஸ்மித் மீண்டெழுந்த வீரருக்கான விருது வாங்கினார். டென்வர் கொடுத்த உரிமைகளில் சார்ல்ஸ் கிராஸ், போயே மாஃபே, டெவன் விதர்ஸ்பூன், டெரிக் ஹால் வந்தார்கள். இதில் விதர்ஸ்பூனை எடுத்த இடம் 5ஆவது. டென்வர் நன்றாக ஆடியிருந்தால் அந்த உரிமை இருபதுக்கு மேல் எங்கோ இருந்திருக்கும். ஒவ்வொரு தோல்வியும் சியாட்டிலுக்குப் பரிசாகப் போனது.

2023இல் ஷான் பெய்டன் வந்தார். நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் வென்றவர். அவருக்காகவும் ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று உரிமை போயின. அறிமுகக் கூட்டத்திலேயே, வீரர்களின் தனிப்பட்ட பயிற்சியாளர்களுக்கு வளாகத்தில் இடமில்லை என்றார். ஹேக்கெட்டின் வேலையை லீக் வரலாற்றிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று என்று பின்னர் பேட்டியில் சொன்னார். அப்படிப் பொதுவெளியில் சொன்னது சரியில்லை என்றே நினைக்கிறேன், ஹேக்கெட் தானாக அந்த நாற்காலியில் ஏறவில்லை. வில்சன் 2023இல் கொஞ்சம் நன்றாகவே ஆடினார். ஆனாலும் கடைசி இரண்டு ஆட்டத்துக்கு உட்கார வைக்கப்பட்டார், 2024 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அணியில் இல்லாத அவருக்காக டென்வரின் சம்பள உச்சவரம்பில் 8.5 கோடி டாலர் அடைபட்டது, அன்றைய தேதிக்கு லீக் சாதனை. 2024இல் 5.3 கோடி, 2025இல் 3.2 கோடி என்று பிரித்துச் சுமந்தார்கள்.

அந்தச் சுமையோடுதான் 2024 டிராஃப்டில் 12ஆவதாக போ நிக்ஸை எடுத்தார்கள். குறைந்த சம்பளத்தில் வந்த அந்த இளம் குவார்ட்டர்பேக்கோடு அந்த ஆண்டு 10-7, மேனிங்குக்குப் பிறகு முதல் ப்ளே-ஆஃப். ஜார்ஜ் பேட்டன் அப்போதும் பொதுமேலாளர். எவெரோ மட்டும் டென்வரில் இல்லை. 2023லேயே கரோலினாவுக்குப் போய்விட்டார்.